சம்பந்தியின் பாஷை

போலிஷ் மொழியில் மேசை ஆண், விளக்கு பெண், ஜன்னல் இரண்டுமில்லை. ஐம்பத்திநாலு வயதில், ஈலிங்கில் ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து இதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எங்களுக்கு மேசை மேசைதான். அதற்கு மீசை இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் போலந்துக் காதலி வைத்திருக்கும் வெள்ளைக்கார இளைஞர்கள். முதல் நாள் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் ஏன் படிக்க வந்தீர்கள் என்று கேட்டாள். ஹொலிடே போவதற்கு என்று கூசாமல் பொய் சொன்னேன்.

உண்மை வேறு. என் மகன் வீட்டுக்கு வருவதை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது. அவனைத் திரும்ப வரவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தான் கட்டப்போகும் பெண்ணைக் கூட்டிவந்தான். போலந்துப் பிள்ளை, பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள். தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்தேன். அம்மா என்ன செய்கிறா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அலுவலகங்கள் துப்புரவு செய்கிறா என்றாள், எந்த வெட்கமும் இல்லாமல். வெள்ளைக்காரருக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு மகனிடம் தமிழில் சொன்னேன்.

"கக்கூஸ் கழுவுறவளின்ர பெட்டைதான் உனக்குக் கிடைச்சுதோ? இவளைக் கட்டுறதெண்டால் இந்த வாசலுக்கு வராதை."

நான் வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எண்ணெய்த் தட்டுகள் தேய்க்கிறவள். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? மகன் கோப்பையை வைத்தான். "சரி அம்மா, வரேல்லை" என்றான். அந்தப் பிள்ளை தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு, தன் கோப்பையைத் தானே எடுத்துப்போய்க் குசினித் தொட்டியில் வைத்துவிட்டு, அவனுக்குப் பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கழுவிய கோப்பைகளை எடுத்துத் திரும்பக் கழுவினேன். ஒரே நாளில் மாடிப்படிக்கு இரண்டு தரம் ஹூவர் பிடித்தேன். இறங்கவேண்டிய இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்காமல் அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து வந்தேன். மகனுக்கு எடுத்த அழைப்பெல்லாம் 'செய்தியை விடுங்கள்' என்ற பெண்குரலில் போய் முடிந்தது. என் மனுசனோடு மட்டும் அவன் பேசினான். மனுசன் காருக்கு எண்ணெய் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போய்ப் பேசுவார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. நான் குசினி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

அப்படித்தான் தெரிந்தது, புரட்டாதியில் கல்யாணப் பதிவு. மாப்பிள்ளையின் தாய் ஏன் இன்னும் தன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று பெண்ணின் தாய் கேட்டுக்கொண்டே இருக்கிறாவாம். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. சம்பந்தியை நான் வீட்டுக்கு அழைத்தால், அந்த மனுசியை ஈலிங்கிலிருந்து யாராவது கூட்டிவரத்தானே வேண்டும்? கூட்டிவருகிறவன் வாசலில் நின்று திரும்பிப் போவானா? ஆனால் அந்த மனுசிக்கு ஆங்கிலம் வராது.

"பதினைஞ்சு வருசமா லண்டனில இருந்துகொண்டு இங்கிலீஷ் தெரியாதாம். எப்பிடி ஏலும்?" என்று மனுசனிடம் சிரித்தேன்.

"அவைக்குப் போலிஷ் கடை, போலிஷ் சேர்ச், போலிஷ் டொக்டர். நீர் மட்டும் என்ன? கோயில் தமிழ், கடை தமிழ், கணக்குப் பார்க்கிற எக்கவுண்டனும் தமிழ். கடைசியா எந்த வெள்ளையோட அஞ்சு நிமிசம் கதைச்சனீர்?"

அந்த மனுசனுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல் வகுப்பில் பெயரைப் பதிந்தேன். செவ்வாய்தோறும் வேலை முடிந்து 297 பஸ்ஸில் ஈலிங் போனேன். என் நாக்கு மெய்யெழுத்துகள் வரிசையாக வந்து நிற்பதைத் தாங்கவில்லை. இடையில் ஒரு 'இ'யைச் செருகாமல் அதால் மூச்சு விட முடியாது. மன்னிப்புக் கேட்கும் சொல் 'ப்ஷெப்ரஷம்'. நான் சொன்னால் 'பிஷிபிரஷம்' என்று வரும். வெள்ளைக்கார இளைஞர்கள் என்னைவிட மோசம், அது ஒரு ஆறுதல்.

மரியாதை விஷயத்தில்தான் எனக்கும் ஆசிரியைக்கும் சண்டை. அவர்களிடமும் 'நீ' இருக்கிறது, பலருக்குச் சொல்லும் 'நீங்கள்' இருக்கிறது. அப்படியானால் சம்பந்திக்கு 'நீங்கள்' என்று சொன்னால் சரிதானே? இல்லை என்றாள். ஒருவருக்கு அப்படிச் சொன்னால் பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் பேசியது போலிருக்குமாம். 'பானி' என்று, எதிரில் இல்லாத யாரையோ பற்றிக் கேட்பது போலக் கேட்கவேண்டும்: அம்மணிக்குத் தேநீர் வேண்டுமா, அம்மணிக்கு நேரம் இருக்கிறதா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நான் மனுசனோடு கோபமாக இருக்கும் நாட்களில்தான் இப்படிப் பேச்சு நடக்கும். 'சாப்பிடுறவருக்குச் சோறு வேணுமாமோ' என்று சுவரைப் பார்த்துக் கேட்பேன். கோபத்துக்கு வைத்திருந்ததை மரியாதைக்கு எடுத்துப் பழக எனக்கு மூன்று கிழமை பிடித்தது.

வகுப்புத் தொடங்கி ஏழாவது மாதம், இனிமேலும் பொறுக்க முடியாது என்ற நிலையில், மனுசனின் போனிலிருந்து அந்த மனுசியின் நம்பரை எடுத்தேன். வியாழக்கிழமை பின்னேரம், எழுதிவைத்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு குசினிக்குள் நடந்தபடியே அழைத்தேன். வணக்கம் சொன்னேன், நான் யாரென்று சொன்னேன். அம்மணி சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒரு பிழையும் விடாமல் சொல்லி முடித்தேன்.

மறுமுனையில் அந்த மனுசி "நோ" என்றா.

நான் அதே வசனத்தைத் திரும்பச் சொன்னேன். அவ மளமளவென்று ஏதோ நீளமாகச் சொன்னா. அதில் மகள், மகன் என்ற சொற்கள் பிடிபட்டன, மீதி பிடிபடவில்லை. முடிவில் "நோ, நோ… நோ" என்றா, பெருமூச்சோடு. ஒன்றல்ல, மூன்று. நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

"மூண்டு தரம் நோ எண்டு சொல்லிப்போட்டாள்! எனக்கு வேணும், நல்லா வேணும்!" என்று மனுசனிடம் கத்தினேன். ஏழு மாதப் பாடக் கொப்பியைத் தூக்கிப் பச்சைக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்தேன். கோபம் என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் பயந்துபோயிருந்தேன். மகனுக்குப் போகிற கடைசி வழியும் அடைபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மனுசன் கோயிலுக்குப் போய்விட்டார். நான் சமைக்கவில்லை. தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, பழைய நைட்டியோடு, முழுகுவதற்கு முன் ஊறவிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் பாண் இரண்டு துண்டும் நேற்றைய பருப்பும் இருந்தன. நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பார்சல் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

நீலக் கோட்டுப் போட்ட ஒரு மனுசி. ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் துணியால் மூடிய கேக் தட்டு. பக்கத்தில் அந்தப் பிள்ளை. பின்னால் கேற்றடியில், கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு, என் மகன். கொஞ்சம் மெலிந்திருந்தான்.

விருந்தாளி வந்து நிற்க, அடுப்பில் ஒன்றுமில்லை. தலையிலிருந்து எண்ணெய் காதுக்குப் பின்னால் வழிகிறது. இதைவிட ஒரு அவமானம் யாழ்ப்பாணத்தாளுக்கு வரமுடியாது. படித்த போலிஷ் முழுவதும் பறந்துவிட்டது. "உங்கட அம்மா நோ எண்டு சொன்னவ" என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து உளறினேன்.

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"இல்லை அன்ரி. எங்கட பாஷையில 'நோ' எண்டால் ஓம். ஓம், ஓம் எண்டுதான் அம்மா சொன்னவ."

வகுப்பில் 'ஆம்' என்பதற்குப் புத்தகச் சொல்லைத்தான் சொல்லித்தந்தார்கள், 'தாக்' என்று. வீட்டுப் பேச்சில் இப்படி ஒன்று இருக்கிறதென்று ஆசிரியை வாய் திறக்கவில்லை. ஆனால் அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இவள் தமிழ் பேசுகிறாள். அதுவும் எங்கள் தமிழ், 'எண்டால்' போட்டு.

"எப்ப பழகினீர்?" என்றேன்.

"ரெண்டு வருசம், அன்ரி."

அவள் என் வீட்டுக்கு வந்து ஒரு வருசம்கூட இல்லை. நான் சிரித்துக்கொண்டு சொன்னதெல்லாம் அன்றைக்கே அவளுக்கு விளங்கியிருக்கிறது. விளங்கிக்கொண்டுதான் நன்றி சொன்னாள், கோப்பையைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாள்.

"வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று விலகி நின்றேன். தாயும் மகளும் வந்து, நாங்கள் செய்வது போலவே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். மகன் கேற்றடியிலேயே நின்றான். நான் வெறுங்காலோடு படியிறங்கிப் போனேன்.

"நீயேன் நிக்கிறாய்? வா, அப்பன்."

"என்னை வராதை எண்டனீங்கள் அம்மா."

"இப்ப வா எண்டுறன்."

"எனக்குச் சொல்லி என்ன? முதல் அவளோட கதையுங்கோ." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவளுக்குத் தமிழ் விளங்கும்."

திரும்பி உள்ளே போனேன். அவள் குனிந்து தாயின் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு போலிஷ் சொல் இருந்தது. பஸ்ஸில் போகவரச் சொல்லிப் பழகியது. அதைச் சொல்லித் தப்பிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் நான் அவளை ஏசியது தமிழில்.

"பிள்ளை, நான் அண்டைக்கு உம்மையும் அம்மாவையும் சொன்னது பிழை."

அவள் நிமிர்ந்தாள். பரவாயில்லை என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"ஓம் அன்ரி," என்றாள். "பிழைதான்."

சொல்லிவிட்டு, தாயின் கையிலிருந்த கேக் தட்டை வாங்கி என்னிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கினேன். எனக்குப் பின்னால் மகன் படியேறி வந்து கதவைச் சாத்தினான்.