‘வா’ என்று சொல்லாத வீடு

தையல் மெஷின் பழுது பார்க்கும் அவரைப் பொறுமைசாலி என்றுதான் தெருவே சொல்லும். துருப்பிடித்த திருகாணியை ஒருநாளும் முறுக்கி உடைத்ததில்லை. சொட்டு எண்ணெய் விட்டு, அது இறங்கும்வரை வேறு வேலை பார்ப்பார். அந்தப் பொறுமையில் கால்வாசியை நாய்க்குக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

நாயின் பெயர் சுருட்டை. மகள் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. யார் நடந்தாலும் பின்னால் ஓடிக் குதிகாலைக் கவ்வும். மெஷினைத் தூக்கி வரும் வாடிக்கையாளர்கள் அலறுவார்கள். அவர் மேசையிலிருந்து நிமிர்ந்து, "வாடா வா, உனக்கு இருக்கு இன்னைக்கு" என்பார். கூப்பிடுகிறார் என்று நம்பி அது வாலை ஆட்டிக்கொண்டு வரும். வந்ததும் பழைய மெஷின் பெல்ட்டால் ஒரு விளாசல்.

கொஞ்ச நாளில் அது வருவது நின்றது. அவர் வா என்றாலே மேசைக்கடியில் போய் ஒடுங்கியது.

"திமிரைப் பாரேன்" என்றார்.

மகள் அதை நாய் டாக்டரிடம் கொண்டுபோனாள். அவரும் கூடப் போனார். டாக்டரம்மா அதன் காதைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"இது கடிக்கலைங்க, மேய்க்குது. ஆட்டு மந்தையை ஓட்டிச் சேர்க்கிற இனம். உங்க வீட்ல ஆடு இல்ல, அதனால..."

"எங்களை மேய்க்குதா? அப்ப மந்தையிலயே பெரிய கிடா எங்கப்பாதான்" என்றாள் மகள்.

அவருக்கும் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவின் அடுத்த கேள்வியில் அது நின்றது.

"கூப்பிட்டா ஒளியுதுன்னீங்களே, கூப்பிட்டு வச்சு அடிச்சீங்களா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஓடி விளையாட பந்து குடுங்க. கவ்வ வந்தா அசையாம நில்லுங்க, நகராத ஆட்டை அது விட்டுடும். கூப்பிட வேற வார்த்தை வையுங்க. அவசரப்படாதீங்க."

அன்றே பெல்ட்டைக் குப்பையில் போட்டார். பந்து வாங்கினார். கவ்வல் குறைந்தது. பிஸ்கட் துண்டை நீட்டி, "இந்தா" என்று கூப்பிடப் பழக்கினார். பாதி தூரம் வரும், பிஸ்கட்டைப் பார்க்காது, அவருடைய இன்னொரு கையைப் பார்க்கும், நின்றுவிடும்.

‘வா’வை வாயிலிருந்தே விரட்டினார். வாடிக்கையாளர்களிடம் "உட்காருங்க" என்றார். மகளிடம் "சாப்பிட வா" என்பது "சாப்பாடு ஆறுது" என்றானது.

ஒரு மத்தியானம் சுருட்டை முதல்முறையாக அவர் காலருகே படுத்திருந்தது. அவர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார். அப்போது பையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள் அக்கா. தொண்டைவரை வந்த ‘வாக்கா’வை அப்படியே விழுங்கினார்.

"எப்ப கிளம்பினே?"

அக்காவின் முகம் சுருங்கியது. "வீடு தேடி வந்தவளை வான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணல, எப்ப கிளம்பினேன்னு விசாரணையா? இப்படியே திரும்பிடவா?"

அவர் நடந்ததை விட்டு விட்டுச் சொன்னார். பெல்ட்டையும் மறைக்கவில்லை.

"நல்லா இருக்குடா. நாய்க்காகக் கூடப்பிறந்தவளை வாசல்ல நிறுத்தி வைக்கிறே" என்று பையை இறக்கிய அக்கா குந்தி உட்கார்ந்தாள். "நீதானா அது? வாடா வா. இங்க வா."

"அக்கா, அந்த வார்த்தை வேணாம்..."

சுருட்டை துள்ளி எழுந்து ஓடி, அவள் மடியில் தலையை வைத்தது. வாலோடு சேர்ந்து பின்பாதி உடம்பே ஆடியது.

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நாங்களும் அப்படித்தான் அண்ணி கூப்பிடறோம். ஓடி வரத்தான் செய்யுது. இவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

வார்த்தைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அவர் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கினார். இரண்டு உள்ளங்கைகளையும் அது பார்க்கும்படி விரித்து வைத்துக்கொண்டு, கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.