அமுங்காத வண்டி

பயம் வந்தால் நான் மனசுக்குள் பட்டியல் போடுவேன். நைனாவின் பிக்கப் வண்டியைப் பற்றி அந்த மார்கழியில் என்னிடம் இருந்த பட்டியல் இது. மீன்பெட்டி ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் விளக்கு வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறது. முன்சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது. கடைசியாக, இதில் எதுவுமே நைனாவுக்குக் குறையாகத் தெரியவில்லை.

நைனா, என் அப்பா, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். முதுகு வலி வந்தபிறகு படகை விற்றுவிட்டு ஒரு பழைய பிக்கப் வாங்கினார். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குப்பங்களில் மீனும் இறாலும் ஏற்றி, பழவேற்காட்டுப் பாலத்தில் இறங்கி, பஜாரைத் தாண்டி, திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரிக்குக் கொண்டுபோவார். ஐஸ் பெட்டிகளை எப்போதும் வால் பக்கமாகவே அடுக்குவார். படகில் பழகிய கை.

"மூக்கு தூக்கினு இருந்தாத்தாம்மா அலை ஏறும்" என்பார்.

"ரோட்ல ஏது நைனா அலை?"

"திருப்பாலைவனம் ரோட்ட நீ பார்த்ததில்லையா? அலைதான்."

ஒரு விடிகாலைப் பனியில் அவரோடு போனேன். எங்கள் விளக்கு பனைமரங்களின் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே வந்த பஸ் கண் கூசித் தடுமாறி எங்கள் பக்கம் திரும்பி, கண்ணாடியை உரசிவிட்டு நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார். "யோவ், லைட்ட வானத்துல அடிக்கிறியே, ஏரோப்ளேன் எறக்கப் போறியா?" நைனா சிரித்தார். என் விரல்கள் கதவுப் பிடியிலிருந்து பிரிய மறுத்தன.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த வாரமே வண்டியின் நான்கு மூலைகளிலும் உயரத்தை அளந்தேன், காலியாக ஒருமுறை, ஏற்றி ஒருமுறை. டச்சுக்காரர் கல்லறை மதிலை ஒட்டிப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம், பின்பக்க ஸ்பிரிங்கில் கனமான பட்டை இரண்டு சேர்க்கச் சொன்னேன்.

"நைனா, இது வண்டிய நேரா நிக்கவெக்கத்தான். லோடு அதே லோடுதான்" என்று இரண்டு முறை சொன்னேன்.

"சரிம்மா, சரிம்மா."

நைனாவின் தங்கை, என் அத்தை, எங்கள் வண்டியில்தான் இறால் அனுப்புவாள். புது ஸ்பிரிங்கோடு காலி வண்டி நின்றதைப் பார்த்து, "இன்னாண்ணா, முட்ட போடற கோழி கணக்கா வாலத் தூக்கினு நிக்குது?" என்றாள். ஆனால் பெட்டிகள் ஏறியதும் வண்டி நேராக நின்றது. வெளிச்சம் சாலையில் விழுந்தது. சில வாரங்கள் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு குப்பத்துக்குப் போனேன். படகிலிருந்து பெட்டியை நேரே வண்டிக்கு மாற்றலாம் என்று, அங்கே வண்டியைப் பின்னால் எடுத்துச் சக்கரம் நனையுமளவுக்கு ஏரிக்குள் இறக்குவார்கள். நைனா ஒரு பெட்டி வாங்கி வைத்தார், குனிந்து வாலைப் பார்த்தார். "இன்னும் அமுங்கல. ஏத்து." இன்னொரு பெட்டி. மறுபடி குனிந்தார். "அமுங்கல. ஏத்து."

படகில் எடை பார்க்கத் தராசு கிடையாது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான்கு விரல் இருக்கும்வரை ஏற்றலாம். அதே கண்ணோடுதான் அவர் வண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியோ அமுங்கவே அமுங்காது. அப்படிச் செய்து கொடுத்தது நான். டயர் பழையது, அச்சு பழையது, பிரேக் பழையது.

"போதும் நைனா. எறக்கு."

"எத எறக்கறது? என் எறாலயா?" என்றாள் அத்தை, பெட்டிகளின்மேல் ஏறி உட்கார்ந்தபடி. "படிச்ச புள்ள வந்தா என் சரக்குதான் கண்ணுக்குத் தெரியும்."

"நீதானம்மா நேரா நிக்கவெச்ச?" என்றார் நைனா. "பாரு, நிக்குது."

பாலத்தில் ஏறும்போதே இன்ஜின் திணறியது. உச்சியைத் தாண்டியதும் கீழே பஜார் தெரிந்தது. சாலையின் இரு ஓரமும் மீன் விற்கும் பெண்கள், கூடைகள், குனிந்து பேரம் பேசும் முதுகுகள். நைனா பிரேக்கை மிதித்தார். ஏரித் தண்ணீரில் நனைந்த பிரேக், வழக்கமான லோடென்றால் இரண்டு மிதியில் பிடித்துக்கொள்ளும். அன்று மிதித்தார், மிதித்தார், வண்டி கேட்கவில்லை. கியரைக் குறைத்ததும் இன்ஜின் ஊளையிட்டது. நான் ஒரு கையால் ஹாரனை அழுத்தி, இன்னொரு கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பின்னால் பெட்டிகளின் மேலிருந்து அத்தை, "ஏந்திரிங்கடீ! ஏந்திரிங்க!" என்று கத்தியது கேட்டது.

பெண்கள் சிதறி ஓடினார்கள். கடைசியாக உட்கார்ந்திருந்தவள் நண்டுக் கூடையை விட்டுவிட்டு உருண்டாள். கூடையின்மேல் ஏறித்தான் வண்டி நின்றது.

அவள் எழுந்து நின்று தன் கால்களைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். நைனா இறங்கிச் சக்கரத்துக்கடியில் நொறுங்கிக் கிடந்த நண்டுகளைப் பார்த்தார். பின்னால் போய் வாலைப் பார்த்தார். வண்டி அப்போதும் நேராகவே நின்றது.

"அமுங்கவே இல்லியேம்மா" என்றார்.

பாதிப் பெட்டிகளை அங்கேயே இறக்கினோம். அத்தை தன் பெட்டிகளைத்தான் முதலில் இறக்கினாள். அன்று மதியம் பட்டறையில் நைனா மெக்கானிக்கிடம், "ஏத்துனா அமுங்கணும்பா. அமுங்கலன்னா எனக்கு எப்புடித் தெரியும்?" என்றார். ஒரு பட்டையைக் கழற்றினோம். பெட்டிகளை வாலிலிருந்து நகர்த்தி, கேபினை ஒட்டி அடுக்கினோம். அளவான லோடில் வண்டி நேராக நின்றது. அதற்குமேல் ஒன்று வைத்தால் வால் இறங்கியது. நைனா டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தார். நான்கு விரல். பிரேக்கையும் புதிதாகப் போட்டோம்.

இப்போதும் ஒவ்வொரு பெட்டிக்கும் கையை நுழைத்துத்தான் பார்க்கிறார். நான்கு விரல் இடம் குறைந்தால், யார் சரக்கானாலும் கரையிலேயே நிற்கும். நானும் என் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டேன், எல்லாம் சரிதான்.

ஆனால் அந்த நண்டுக்காரி இன்றும் பாலம் இறங்குகிற அதே இடத்தில்தான் கடை போடுகிறாள். எங்கள் வண்டி உச்சியில் தெரிந்ததும் கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பாள். நாங்கள் தாண்டிப் போகும்வரை உட்கார மாட்டாள். நைனாவோடு நான் போகும் நாட்களில் என் கையும் அதுவரை ஹேண்ட்பிரேக்கின் மேல்தான் இருக்கும்.