தூக்கத்தில் நகர்ந்தேன்

'அட்ஜஸ்ட்' என்பதற்கு டிக்‌ஷனரியில் என்ன போட்டிருக்கிறதோ, தெரியாது. கும்மிடிப்பூண்டியில் நான் பேக்கிங் வேலை பார்த்த கம்பெனியில் சூப்பர்வைசர் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றால், ஆள் வரவில்லை, அடுத்த ஷிப்டும் நீயே பார் என்று அர்த்தம். மாமியார் சொன்னால் குழம்பு தீர்ந்துவிட்டது. மின்சார ரயிலில் சொன்னால், மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருவர் உட்காரப் போகிறார்.

அன்றும் இரண்டு ஷிப்ட் முடித்து, லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். பொன்னேரியில் யாரோ தோளைத் தொட்டார்கள். கருவாட்டுக் கூடையோடு ஏறிய ஒரு அம்மா. நான் ஜன்னல் கம்பியோடு நசுங்கிக் கிடந்தேன். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம்.

"உன்ன கேக்கல கண்ணு. எதிர் சீட்டுக்காரங்களதான் அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னேன். நீ இன்னாத்துக்கு தூக்கத்துலயே நவுந்துக்கினு போற?"

கண்ணைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"நல்லா சாஞ்சி தூங்கு. எங்க எறங்கணும்?"

"மீஞ்சூர்."

அந்த இடத்தில் அவர் உட்காரவில்லை. என்னைப் பழையபடி தள்ளி உட்காரவைத்துவிட்டு, நின்றுகொண்டே வந்து மீஞ்சூரில் எழுப்பினார்.

மறுநாள் சூப்பர்வைசர் எங்கள் மேஜைப் பக்கம் வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட்..." என்று இழுத்தார். வழக்கமாக அவர் முடிப்பதற்குள் சரி என்றுவிடுவேன். அன்று, "யார கேக்கறீங்க சார்?" என்றேன்.

என்னைத்தான் கேட்டார். அன்றும் அடுத்த ஷிப்ட் பார்த்தேன். ஆனால் அவர் கேட்ட பிறகுதான்.