மழை நாளின் உப்பு

கடல் சார்ந்த பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்த அன்று, அப்பா என்னை அவருடைய முதலாளியிடம் கூட்டிப் போனார். திருப்பூரில், நல்லூரைத் தாண்டி நொய்யல் ஆற்றோரமாக இருந்தது முதலாளியின் சாயப்பட்டறை. அங்கே சாயத்தொட்டிகளுக்கு உப்பு மூட்டை சுமப்பதுதான் அப்பாவின் வேலை. எங்கள் குடும்பத்தில் அதுவரை பள்ளிக்கூடத்தை முடித்தவர் யாரும் இல்லை. அந்தச் சந்தோஷத்தைத் தன் முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை.

முதலாளி காரில் ஏறப்போனவர், கதவைப் பிடித்தபடியே பேசினார்.

"கடலு எந்தப் பக்கம் இருக்குதுன்னு தெரியுமா கண்ணு உனக்கு? செக்கிங் டேபிள்ல உக்காந்து பனியன் பாத்தீன்னா அப்பனுக்கு ஒத்தாசையா இருக்கும். உப்புத் தூக்கறவன் புள்ளைக்கு உப்புத் தண்ணிப் படிப்பு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா "ஆமாங்க" என்றார். முதலாளி என்னைச் சொன்னதைக்கூட நான் மறந்திருப்பேன். என் அப்பாவின் வாயால் அந்த "ஆமாங்க" வரவைத்ததை மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை.

இப்போது அரசின் கடலோரத் தரவுத்தளம் ஒன்றில் வேலை செய்கிறேன். மீன்வளம், கரை அரிப்பு, கடல்நீரின் தரம் என்று எல்லாம் அதில் சேரும். கடலுக்கு என்ன வருகிறது என்று அறிய, ஆறுகளையும் பார்க்க வேண்டும். நொய்யல் காவிரியில் விழுகிறது, காவிரி கடலில் விழுகிறது. அதனால் திருப்பூரிலும் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அது என்னுடைய மேசை. ஒப்பந்த வேலைதான். ஆனாலும் நான் பார்க்காமல் இந்த ஊரின் ஓர் எண்ணும் கடல் பக்கம் போகாது.

ஆற்றில் இறக்கிய கருவிகள் கால்மணிக்கொரு முறை உப்பின் அளவையும் கலங்கலின் அளவையும் அனுப்பும். ஒவ்வொரு அளவுக்கும் நான் ஒரு குறி இட வேண்டும். ஒன்று என்றால் நம்பலாம், இரண்டு என்றால் இன்னும் பார்க்கவில்லை, மூன்று என்றால் சந்தேகம், நான்கு என்றால் தவறு. எதையும் அழிக்க வழியில்லை. குறியை மாற்றலாம், மாற்றியவர் யார், எதற்காக என்பது காலத்துக்கும் கூடவே நிற்கும்.

அந்தக் கருவிகளில் ஒன்று, மின்சார வசதிக்காக, அதே முதலாளியின் மதிலை ஒட்டி ஆற்றில் இறக்கப்பட்டிருந்தது.

ஆயுத பூஜையன்று சாயங்காலம் அதன் கலங்கல் கோடு சுவர் மாதிரி எழுந்து உச்சியிலேயே நின்றது. பட்டறையின் கழிவுச் சேறு மொத்தத்தையும் ஆற்றில் கொட்டினால் வரும் அளவு. எல்லை தாண்டினால் எச்சரிக்கை மட்டும் என் குறிக்குக் காத்திருக்காது. அது தானாகவே மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குப் போய், முதலாளிக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. மின் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு.

அது பொய் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரியும். உண்மையான கலங்கல் ஏறும், இறங்கும், நடுங்கும். இந்தக் கோடு அசையவே இல்லை. கருவியின் கண்ணை ஏதோ மறைத்திருக்கிறது. நான்கு என்று குறியிட ஒரு நிமிடம் போதும். நான் இடவில்லை. இரண்டு நாள் அந்தக் கோட்டைத் திறந்து திறந்து பார்த்தேன். அவ்வளவு ருசியாக இருந்தது.

மூன்றாம் நாள் போய்க் கருவியைத் தூக்கிப் பார்த்தேன். மேல் குழாயில் சந்தனம், குங்குமம். கீழே, ஒளி பாயும் கண்ணுக்கு நேராக, செவ்வந்தி மாலையை இறுக்கிச் சுற்றித் திரும்பத் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள்.

சாயங்காலம் அப்பாவிடம் யார் வேலை அது என்று கேட்டேன்.

"நாந்தான் கண்ணு. அத்தன மெசினுக்கும் பூசை போட்டாங்க. உன்ற மெசின மட்டும் மூளியா உட்டா நல்லாவா இருக்கும்?"

அவரை என்ன சொல்ல? ஆனால் அந்தப் பொய்க்கோட்டால் முதலாளி வீழ்ந்தால், அது மாலை செய்த வேலை, நான் படித்த படிப்பு செய்ததாகாது. அவரை வீழ்த்துவது உண்மையாக இருக்க வேண்டும். எந்த வக்கீலாலும் அசைக்க முடியாததாக இருக்க வேண்டும். நான்கு என்று குறியிட்டேன். நோட்டீஸ் ரத்தானது.

முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு.

"பரவால்லீங்க அம்மிணி, படிச்சது வீண் போகல. நம்ம பட்டறத் தண்ணி எளநியாட்டம்னு இப்ப உங்களுக்கே தெரிஞ்சுதுங்களா?"

போனை வைத்ததும் அந்தக் கருவியின் பழைய அளவுகள் அனைத்தையும் எடுத்தேன். மழை பெய்தால் ஆற்றில் உப்பு குறைய வேண்டும். இவருடைய மதிலோரத்தில் மட்டும் மழை நாட்களில் உப்பு ஏறியிருந்தது. மழையில் உப்பு ஏறாது, கருவிதான் கோளாறு என்று நினைத்து, இந்த மேசையில் எனக்கு முன்னால் இருந்தவர் அவற்றுக்கெல்லாம் மூன்று போட்டிருந்தார். அவர் உப்பு சுமப்பவர் வீட்டில் வளரவில்லை. மழை நாட்களில் அப்பா முழங்கால்வரை சாய நீரோடு வருவார். "தொட்டியத் தொறந்து உட்டாங்க" என்று அம்மாவிடம் மெல்லச் சொல்வார். உப்பு கலந்த சாயக்கழிவு மழைத் தண்ணீரோடு போனால் யாருக்குத் தெரியும் என்பது பட்டறைக்காரர்களின் கணக்கு.

அப்பா சொன்னதை நான் எங்கும் எழுதவில்லை. அதே மழையில் ஆற்றின் மேல்பக்கத்துக் கருவிகளில் உப்பு குறைந்ததையும், இங்கே மட்டும் ஏறி மெல்ல வடிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மேலதிகாரி சரிபார்த்து ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு மழை நாளாக மூன்றை ஒன்றாக்கினேன். எனக்கு இரக்கம் வரவில்லை. இந்த முறை வந்த நோட்டீஸ் பழைய தேதிகளையெல்லாம் வரிசையாகச் சுமந்துகொண்டு போனது.

மறுபடியும் கூப்பிட்டார். சிரிப்பு இல்லை.

"பழசயெல்லாம் எதுக்குங்க அம்மிணி தோண்டறீங்க? அழிச்சுப்போடுங்க. உங்கப்பன் இன்னும் நம்மகிட்டத்தான் வேல பாக்கறான், ஞாபகம் வெச்சுக்கங்க."

"இதுல எதையும் அழிக்க முடியாதுங்க. உங்க பேரன் காலத்துலயும் இருக்குமுங்க."

இவ்வளவு மரியாதையாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அடுத்த நாளே அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இதை நான் எதிர்பார்த்திருந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"மழ நாளெல்லாம் போட்டுட்டியா கண்ணு?"

"போட்டுட்டனுங்கப்பா."

இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"போன வருசம் ஆடிப் பதினெட்டுக்கு மொத நாளும் தொட்டியத் தொறந்தாங்க. நம்மூருல அன்னிக்கு மழயில்ல. கோயமுத்தூருப் பக்கம் பேஞ்சு ஆத்துல தண்ணி வந்துது. அதயும் பாரு."

எழுந்து கை கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். அந்தத் தேதியிலும் உப்பு ஏறியிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் அதற்கும் மூன்று போட்டிருந்தார்.