முப்பத்திரண்டு வீட்டுப் பனிச் சப்பாத்துகள்

எமில்டா கனடாவில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவள். சனிக்கிழமைகளில் கல்லூரியில் வணிகப் புள்ளிவிபரவியல் படித்தாள். அதில் தேறினால் தரக்கட்டுப்பாட்டு மேசைக்கு மாற்றுவதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். படிப்பில் அவளை மயக்கியது அந்த மணிவடிவ வளையி. நடுவில் உயர்ந்து இருபக்கமும் சரியும் அந்தக் கோட்டை மல்வேர்ன் பஸ்ஸின் பனிப்புகார் படிந்த கண்ணாடியில் வரைந்துகொண்டே வருவாள். உலகத்தில் எல்லோருக்கும் அதன்கீழ் ஓர் இடம் உண்டாம். அந்த நினைப்பில் இறங்குமிடத்தைத் தாண்டிப் போன நாட்களும் உண்டு.

படிப்பின் கடைசி வேலையாக, வீட்டுக்கு எத்தனை பேர் என்று விசாரித்து வளையி வரையவேண்டும். தன் தொடர்மாடியிலேயே தமிழ்க் கதவுகளைத் தட்டினாள்.

ஏழாம் மாடிக் குலசிங்கம் கதவிடுக்கில் முகத்தை மட்டும் காட்டினார். உள்ளே கலியாண வீட்டுச் சத்தம்.

"நாலு பேர்தான், தங்கச்சி."

"அண்ணை, உது என்ர படிப்புக்கு. கட்டிடம் பாக்கிற சுப்பரிண்டனிட்டைக் குடுக்கமாட்டன்."

"ஓம், ஓம். நாலெண்டே எழுதும்."

இரண்டு அறை வீட்டுக்கு வாடகைப் பத்திரத்தில் நாலு பேருக்குத்தான் அனுமதி. பேனையும் கடதாசியுமாக யார் வந்தாலும் எங்கள் சனத்தின் வாயில் அந்த நாலுதான் வரும். முப்பத்தொரு வீட்டிலும் நாலு. எமில்டா மட்டும் என்ன யோக்கியம்? எட்டுப் பேரை வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கும் நாலென்றே எழுதினாள். இப்படி நெருக்கியடித்துக் கிடப்பது தாங்கள் மட்டுந்தான் என்று அவளுக்கு வெட்கம்.

விரிவுரையாளர் பார்த்தார். குன்றைக் காணோம், ஒரு கம்பம் நின்றது. எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் நியம விலகல் பூச்சியம். இது இருந்த இடத்தில் இட்டுக்கட்டியது, அடுத்த சனிக்கிழமை உண்மையானது வராவிட்டால் பெயில்தான் என்றார். எமில்டா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அயலவரைக் காட்டிக்கொடுக்கவா முடியும்?

சனி பின்னேரம் தொடங்கிய பனி ஞாயிறு காலையும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பஸ் ஓடவில்லை, எல்லோரும் வீட்டில். குப்பை போட வந்தவள் நடைவழியில் அப்படியே நின்றுவிட்டாள். சப்பாத்தோடு வீட்டுக்குள் போகாத சனமல்லவா! ஒவ்வொரு கதவடியிலும் பனிச் சப்பாத்துகள் ஈரம் காயாமல் கிடந்தன. ஆளுக்கு ஒரு சோடிக்கு மேல் வாங்க அப்போது யாருக்கு வசதி? கதவிலக்கத்தை எழுதாமல் எண்ணத் தொடங்கினாள். ஐந்து. ஒன்பது. ஏழு. ஆளரவமில்லாத மாடிகளில் கனவில் நடக்கிறவள்போல இறங்கினாள். மூடிய கதவுகளுக்குப் பின்னால் தூங்கும் அத்தனை பேரும் கூடவே வருவதுபோல இருந்தது.

சமையலறை மேசையில் குன்று மெல்ல எழுந்தது. சராசரி எட்டு. உச்சியிலும் எட்டு. எமில்டா இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை, சப்பாத்துக் கதையைக் கேட்டு விரிவுரையாளர் வாய்விட்டுச் சிரித்தார். தேறிவிட்டாய் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, உன் வீடு இதில் எங்கே என்றார்.

எமில்டா உச்சியைத் தொட்டுக் காட்டினாள். கனடாவுக்கு வந்த ஆறு வருடத்தில் முதல் தடவையாக, குரலைத் தாழ்த்தாமல், "நாங்கள் எட்டுப் பேர்" என்றாள்.