சித்திரைக்காகக் காத்து நின்ற லாரிகள்

மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் கம்பெனியில் பம்பு விற்கிறதோ இல்லையோ, பில் போடுவது மட்டும் நிற்காது. நான் அங்கே கணக்குப் பிரிவு மேலாளர். அந்த வருஷத்து விற்பனை இலக்கை எட்டாவிட்டால், யாரும் கேட்காத பம்புகளை வடக்கே இருக்கும் டீலர்கள் பேரில் பில் போட்டு லாரியில் ஏற்றிவிடுவோம். இலக்கை எட்டிய வருஷம் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. கேட்டைத் தாண்டினால் விற்பனை, விற்பனை என்றால் லாபம். லாரிகள் பெருங்களத்தூரில் ரோட்டோரக் காலிமனை வரைக்கும் போய் நிற்கும். பிறகு ‘ரிட்டர்ன்’ என்று திரும்பி வரும்.

ஏப்ரல் முதல் தேதியே திரும்பியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் எங்கள் எம்.டி.க்கு ஒரு நம்பிக்கை உண்டு. பங்குனியில் சரக்கு திரும்பி வந்தால் வருஷம் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருக்குமாம். அதனால் சித்திரை பிறந்து, நல்ல நாள் பார்த்துத்தான் உள்ளே விடுவார். பொய்க்கணக்குக்கும் நல்ல நேரம் பார்க்கிற ஆட்களை வேறெங்கே போய்த் தேடுவது?

பழைய ஆடிட்டரும் எம்.டி.யும் ஒரே கோயில் கமிட்டியில் இருந்தவர்கள். “என்ன சார், இந்த வருஷமும் அதேதானா?” என்று சிரித்தபடியே கையெழுத்துப் போடுவார். பெரிய மனிதரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. இதெல்லாம் நம் ஊர் வியாதி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாக் கம்பெனி ஒன்று எங்கள் பங்குகளில் பாதிக்கு மேல் வாங்கியபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அங்கே முதலாளியையே எதிர்த்துக் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஆடிட்டரை மாற்றினார்கள். நாவலூரிலிருந்து புது டீம் வந்தது. அதன் பொறுப்பு ஒரு இளம்பெண்ணிடம் இருந்தது. டீமை நடத்துவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வருஷப்பிறப்பு லீவுக்கு விழுப்புரம் போக, பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். கூட்டமான கூட்டம், பஸ் எதுவும் நிற்கவில்லை. பக்கத்து மனையில் எங்கள் கம்பெனி பெயர் போட்ட தார்ப்பாயுடன் வரிசையாக லாரிகள். டிரைவர் ஒருவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

“சார், லோடு எங்க போவுதுன்னு டிரைவர் அண்ணாகிட்ட கேட்டேன். ‘எங்கியும் போவல மா, இங்கியேதான் நின்னுகினு கீது. சித்திர பொறந்தா திரும்ப கம்பெனிக்கேதான்’னார். பில்லுல புனேன்னு இருக்கே சார்?”

“அவர் சொன்னது உண்மைதாம்மா. அத அப்படியே எழுது” என்றேன்.

அதைச் சொன்ன பிறகுதான் எத்தனை வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்தது. அவள் எழுதப்போகும் அந்த ஒரு பத்தி ஆடிட் அறிக்கையில் ஏறிவிட்டால் அடுத்த வருஷ இலக்கு உண்மையான விற்பனையிலிருந்து தொடங்கும். ஏறாவிட்டால் பொய்யின் மேல் இன்னும் பெரிய பொய்யை ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் கம்பெனியை இழுத்து மூடுவதைத் தவிர வழியில்லை.

ஆடிட் கம்பெனியில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்தவர் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். “எம்.டி. சார் எவ்ளோ சங்கடப்படுவார் தெரியுமா? இத வாயாலயே சொல்லிடலாம்மா, எழுத்துல வேணாம்.” அவள் மசியவில்லை. கடைசியில் விஷயம் ஐரோப்பாவிலிருக்கும் நிதி இயக்குநர் வரை போய், வீடியோ மீட்டிங் வைத்தார்கள்.

படபடவென்று பேசாமல், பஸ்ஸுக்கு நின்றபோது போனில் எடுத்த லாரி போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினாள். எம்.டி. தலை நிமிரவில்லை. திரையிலிருந்த வெள்ளைக்காரர் ஒரு போட்டோவை மட்டும் மறுபடி காட்டச் சொன்னார். இதோ கேட்கப்போகிறார் என்று நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன்.

அவர் ஆங்கிலத்தில் கேட்டது இவ்வளவுதான்: “இது மெயின் ரோடா? இவ்வளவு பேர் பார்க்கிற இடத்தில் ஏன் நிறுத்துகிறீர்கள்?”

தலைமை அலுவலகத்துக்கும் இந்த வருஷ லாபம் தேவைப்படுகிறது, இனி சரக்கைக் குடோனில் மறைவாக வைக்கலாம், அந்த வாடகையை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள் என்றார். எம்.டி.க்கு முகத்தில் உயிர் வந்தது. மேலதிகாரி நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார். அவள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐரோப்பாவாவது, ஆடிட்டாவது! அந்தப் பத்தி அறிக்கையில் வரவில்லை.

வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை, வீட்டில் என்ன நிலைமையோ. இந்த வருஷமும் அவள்தான் வந்தாள். மார்ச் மாத பில்களை முன்னால் வைத்தேன். கட்டைப் பிரிக்கவே இல்லை. லேப்டாப்பில் மேலிருந்து கீழ்வரை டிக் அடித்துக்கொண்டே போனாள்.

“பாக்கலையாம்மா?” என்றேன்.

“பாத்துட்டேன் சார்” என்றாள்.