சீலண்டுக்கு அடியில் என்ன பூசுவது?

கார் பாலிஷ் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: காரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட நமக்குப் பாடம் நடத்தலாம். என்ஜினைத் திறந்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். பளபளப்பு என்று வந்துவிட்டால் ஊரே வாத்தியார். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, வண்டி கழுவி, பாலிஷ் போட்டுப் பிழைத்தவன் நான். "இங்க குடும், இப்படித் தேய்க்கணும்" என்று கையிலிருக்கிற துணியைப் பிடுங்கும் வாடிக்கையாளரைச் சிரித்தபடி பொறுத்துக்கொண்ட தையல்காரர்களே, சலூன்காரர்களே, சமையல்காரர்களே, நீங்களெல்லாம் நம்ம ஆட்கள். என் கதையைக் கேளுங்கள்.

மாப்பிள்ளை ரெடி, பொண்ணு எங்கே?

தொண்ணூறுகளின் ஆரம்பம். மதுரையில் நான் சாமான் வாங்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒரு பாட்டிலை என் தலையில் கட்டினார். பெயின்ட் சீலண்ட். சாதாரண மெழுகு பாலிஷ் ஒரு மழையைத் தாங்கினால் பெரிசு. இதைப் பூசினால் மாசக் கணக்கில் தண்ணீர் ஒட்டாது, தூசி ஒட்டாது, காக்கா எச்சம்கூட வந்த வழியே வழுக்கிப் போய்விடும் என்றார். எல்லாம் சரி. லேபிளின் கடைசி வரியில்தான் வம்பு. 'பூசும் முன் பெயின்டைத் தகுந்த கிளீனரால் சுத்தம் செய்யவும்.' எது தகுந்த கிளீனர்? அதைச் சொன்னால் கம்பெனிக்காரன் குறைந்தா போய்விடுவான்? அடியில் அழுக்கோ எண்ணெயோ இருந்தால் சீலண்ட் பிடிக்காது. பிடித்தாலும் அந்த அழுக்கையே பத்திரமாக மூடி வைக்கும்.

அந்த நேரம் பார்த்து ஞானராஜ் வந்தான். கருநீல அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டுகிறவன், தங்கமான பையன். நூல் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை மதுரையிலிருந்து கூட்டிவர ஒரு மில்லுக்கு நிரந்தரமாக வண்டி வேண்டியிருந்தது. "பானெட்டுல என் மூஞ்சி தெரியணும். ஆயுத பூசைக்கு மில் வாசலுக்குக் கொண்டுவா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாராம் மானேஜர். அது கிடைக்காவிட்டால் சவுதியில் டிரைவர் வேலை. மச்சினன் விசாவோடு காத்திருந்தான். ஞானராஜுக்குப் போக இஷ்டமில்லை, பாவம், முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. கூடவே அவன் பெண்டாட்டி ஸ்டெல்லாவும் வந்திருந்தாள். தலைச்சன் பிள்ளை வயிற்றில். அவள் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள்: "அண்ணே, வண்டி மின்னலைன்னா இவிய சவுதிக்குப் போயிருவாக. திரும்பி வாரப்ப பிள்ளை இவியளப் பார்த்து 'யாரு மாமா நீங்க'ன்னு கேக்கும். பார்த்துப் பூசுங்க."

எண்ணெய்க் குளியல்

சோப்புப் போட்டுக் கழுவி, காயவிட்டு, முதலில் டிக்கி மூடியில் மட்டும் சீலண்டைப் பூசிப் பார்த்தேன். தேமல் விழுந்த மாதிரி அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வருகிறது. "ஏலே, உண்மையைச் சொல்லு, தினமும் வண்டியை எதை வச்சுத் துடைக்கே?" என்றேன். மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து, மில் வேஸ்ட் பஞ்சால் துடைப்பானாம். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லாருக்கும் இதே வைத்தியம்தான். துடைத்த அரைமணி நேரம் வண்டி கல்யாண மாப்பிள்ளை. அதற்குப் பிறகு மில் பக்கம் பறக்கிற பஞ்சுத் தூசி அம்புட்டும் அந்த எண்ணெயில் வந்து உட்கார்ந்து, வண்டிக்கு நரை தட்டிவிடும். சாயங்காலம் மறுபடியும் எண்ணெய். இப்படியே வருஷக் கணக்கில் ஊறிய வண்டியில் சீலண்ட் எங்கே பிடிக்கும்?

"எண்ணெய்னா சீயக்காய்தானே அண்ணே?" என்றாள் ஸ்டெல்லா. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தாயீ, இது கார், கொண்டை இல்லை" என்று சொல்லிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் சீயக்காயைக் கரைத்துப் போட்டேன். பொய் சொல்லக்கூடாது, சோப்பைவிட நன்றாகவே எண்ணெயை எடுத்தது. ஆனாலும் போதவில்லை. தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: சுத்தமான இடத்தில் ஒரே விரிப்பாகப் பரவும், எண்ணெய் இருக்கிற இடத்தில் முத்து முத்தாக நிற்கும். கூரை பூராவும் முத்துதான். கை ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்த என்னிடம் ஞானராஜ் சொன்னான்: "தலைக்கு நல்லாத்தான் ஊத்தியிருக்கீக அண்ணாச்சி. சாம்பிராணி போடுறதுதான் பாக்கி."

டாக்டர் வண்டி

அடுத்தது ரப்பிங் காம்பவுண்ட். மாவு மாதிரிதான் இருக்கும், ஆனால் பெயின்டையே சீவி எடுக்கிற மாவு. ஞானராஜ் வண்டியில் எடுத்தவுடனே வைக்கப் பயம். நல்லவேளையாகக் கூமாப்பட்டியிலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர் வெள்ளை அம்பாசிடரோடு வந்து, காம்பவுண்டேதான் வேண்டும், நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வண்டியைப் போன வாரம்தான் புரோக்கரிடம் வாங்கியிருந்தார். "ஒரே டாக்டர் ஓட்டுன வண்டி. கம்பெனி பெயின்ட். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தவிர எங்கயும் போனதில்லை" என்று வண்டியைத் தடவித் தடவிச் சொன்னார்.

கூரை ஓரத்தில் தேய்த்தேன். வெள்ளை போய் மஞ்சள் தெரிந்தது. பதறிப்போய்க் கதவுப் பக்கம் மாறினேன். அங்கே வெள்ளைக்கு அடியில் கறுப்பு. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற டாக்ஸிக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? மனிதர் குனிந்து இரண்டு இடத்தையும் தடவிப் பார்த்தார். நான் துணியை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தேன். கடைசியில் அவரே சொன்னார்: "நோயாளியெல்லாம் டாக்ஸியிலதானே வந்திருப்பான்? பக்கத்துல நிறுத்தி நிறுத்தி அந்தக் கலர் இதுல ஒட்டியிருக்கும்."

இதுவும் என் வண்டிதான்

காம்பவுண்டும் உதவாது என்று தெரிந்தபோது ஆயுத பூசைக்கு ஒரு வாரம்கூட இல்லை. ராத்திரித் தூக்கம் போயிற்று. மதுரைக்கு பஸ் ஏறிப் போய் அந்தக் கடைக்காரரோடு சண்டை போட்டேன். "இதை முதல்லயே கேட்டிருக்கலாம்லா?" என்று உள்ளேயிருந்து ஒரு கிளீனரை எடுத்துக் கொடுத்தார். பால் மாதிரி இருந்தது. காம்பவுண்டைப் போலச் சீவாது, அதில் எண்ணெயும் கிடையாது, மேலே செத்துப்போன பெயின்டையும் அதில் ஊறிய எண்ணெயையும் மட்டும் எடுக்குமாம். அவர் கழுத்தை நெரிக்கலாமா கும்பிடலாமா என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

முதல் ஆளாக மாட்டினது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அரக்குச் சிவப்பு அம்பாசிடர். பழைய வேட்டித் துணியில் கிளீனரைத் தொட்டு நாலு தேய்ப்புத் தேய்த்தேன், துணி சிவந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெயின்டுக்கு அது இயற்கை. மேல்தோல் வரும்போது நிறமும் சேர்ந்துதான் வரும். "ஐயோ, பெயின்ட் போகுது!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே எழுந்து வந்தது. அழுக்கு உருட்டினால் மனுசனுக்கும்தான் தோல் வரும் சார் என்று எம்புட்டோ சொன்னேன், கேட்கவில்லை. குடையை விரித்து வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு தேய்ப்பையும் காவல் காத்தார். வேலை முடிந்து தண்ணீரை ஊற்றினேன். ஒரு முத்துகூட இல்லாமல் கண்ணாடி விரித்த மாதிரி பரவியது. கிடைத்தேவிட்டது, தகுந்த கிளீனர்! ஹெட்மாஸ்டர் அதைக் கவனிக்கவே இல்லை. நான் தேய்த்த சிவப்புத் துணிகளையெல்லாம் பொறுக்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். "இதை எதுக்குத் தம்பி இங்க விட்டுட்டுப் போகணும்? இதுவும் என் வண்டிதான்."

மில் வாசல்

ஞானராஜ் வண்டிக்குக் கூரையிலிருந்து சக்கரம் வரைக்கும் அந்தக் கிளீனர், அதன்மேல் சீலண்ட். ஆயுத பூசையன்று மில் வாசலில் லாரி, வேன், தள்ளுவண்டி எல்லாம் வாழைக்கன்றும் மாலையுமாக நின்றன. நடுவில் நம் கருநீல அம்பாசிடர், ராஜா மாதிரி. மானேஜர் குனிந்து பார்த்தார், சீப்பை எடுத்தார், பானெட்டைப் பார்த்தே தலை சீவினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்போதுதான் பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

பானெட்டின் மூக்கில் சந்தனம் வைத்தார். வழுக்கி பம்பரில் விழுந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது, குங்குமத்தையும் சேர்த்துக்கொண்டு. "பொட்டு தங்காத வண்டியா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மானேஜர் சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அந்த வேனைக் கொஞ்சம் முன்னால எடுக்கச் சொல்லு" என்றார். ஞானராஜ் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் சவுதியே தெரிந்தது. ஸ்டெல்லா கேட்டோரமாக நின்று வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். எதுவும் ஒட்டாமல் இருக்கத்தானே பாவி நான் இந்தப் பாடு பட்டேன்!

சட்டென்று பொறி தட்டியது. அடியில் பூசுகிற கிளீனர் மேலே இருக்கிற சீலண்டையும் எடுக்குமே! டிக்கியிலிருந்து மிச்சமிருந்த கிளீனர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். "சாமி, செத்த நேரம்!" என்று பூசாரியை விலக்கிவிட்டு, பானெட்டின் மூக்கில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்துத் துடைத்தேன். "இப்ப வையுங்க, கெட்டியா வையுங்க." வைத்தார். சந்தனம் நின்றது. குங்குமம் நின்றது. பூசணிக்காய் உடைத்த அதிர்ச்சிக்குக்கூட அசையவில்லை. மானேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "திங்கக்கிழமை ஆளுங்க வாராங்க, காலையில மதுரைக்குப் போயிரு" என்றார். ஞானராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதான். நானும்தான். ஸ்டெல்லா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்: "அண்ணே, பிள்ளை ஞானஸ்நானத்துக்கு நீங்க கண்டிப்பா வந்திரணும். தண்ணி முத்து முத்தா நிக்குதா, பரவுதான்னு பார்த்துச் சொல்ல வேற ஆள் இல்லை."

எதுவுமே ஒட்டக்கூடாது என்று வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர்கள், பொட்டு ஒன்று மட்டும் ஒட்டியே ஆகவேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டுப் பூசவேண்டும்.